இந்த வரியை யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள்? கிட் வரலாற்றைத் தோண்டும் முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு கடைவீட்டு மாடி. கீழே ரொட்டி சானாய் கடை, மேலே நாங்கள் மூன்று பேர். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற சின்னச் சின்னத் தோட்டங்களுக்குச் செக்ரோல் மென்பொருளைப் பராமரிப்பதுதான் எங்கள் வேலை. அதாவது யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு ரப்பர் பால் நிறுத்தார், எத்தனை செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை வெட்டினார், மாசக் கடைசியில் கையில் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்கிற கணக்கு. இதில் பாதிக்கு மேல் நாங்கள் எழுதியதே இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதியது, அவர்களுக்கும் முன்னால் இருந்தவர்கள் எழுதியது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு கூத்து அடித்தேன். ஈபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பிடித்தம் கணக்கிடுகிற இடத்தில் முப்பது வரிக்கு ஏதோ சுற்றி வளைத்து எழுதியிருந்தது. 11 சதவீதம்தானே, பெருக்கினால் போச்சு என்று ஒரே வரியாக மாற்றிவிட்டேன். அடுத்த மாதம் ஒரு தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) போன் அடித்தார்: "தம்பி, 1,510 வெள்ளி சம்பளத்துக்கு 166.10 காட்டுது. அட்டவணையில 168 இருக்கு. எது சரி?" ஈபிஎஃப் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைதான் சரி. 5,000 வெள்ளி வரைக்கும் சம்பளத்தை இருபது இருபது வெள்ளிப் படிகளாகப் பிரித்து, படியின் மேல் எல்லைக்குக் கணக்குப் போட்டு, அடுத்த முழு வெள்ளிக்கு ஏற்றுவார்கள். 1,520-க்கு 11 சதவீதம் 167.20, ஏற்றினால் 168. அந்த முப்பது வரி இதைத்தான் செய்துகொண்டிருந்தது. கிட் வரலாற்றை (கோடில் நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கிற மென்பொருள்தான் கிட், ஒரு பதிவுக்குப் பெயர் கமிட்) ஒரு நிமிஷம் திறந்து பார்த்திருந்தால் "மூன்றாம் அட்டவணைப்படி" என்ற கமிட் செய்தி கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டி. போன வருஷம் நான் துரத்திய ஒரே ஒரு வரியை வைத்து முழுசையும் சொல்கிறேன். கமாண்டுகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதுகிறேன். தட்டும்போது நீங்கள் வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அந்த வரி பால் நிறுக்கிற பகுதியில் இருந்தது. வாளியோடு நிறுத்துவிட்டு வாளியின் எடையைக் கழிக்க வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்தது. தோட்டத்தின் எல்லாப் பீல்டுக்கும் (மரம் நிற்கிற பிரிவுக்கும்) 1.2 கிலோ கழித்தது. ஏழாம் நம்பர் பீல்டு என்றால் மட்டும் 2.6 கிலோ. பக்கத்தில் ஒரு கமெண்ட் கூட இல்லை.

முதலில்: முழு வரலாறும் கையில் இருக்கிறதா?

பல பேர் இங்கேயே தடுக்கி விழுவார்கள். வேகத்துக்காக யாராவது --டெப்த் 1 போட்டு குளோன் (நகல்) எடுத்திருந்தால், உங்களிடம் இருப்பது கடைசிக் கமிட் மட்டும். எந்த வரியைக் கேட்டாலும் அந்த ஒரு ஆளையே காட்டும். கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ போட்டு மீதியை இழுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கிட் லாக் --ரிவர்ஸ் போட்டு முதல் கமிட் எந்த வருஷம் என்று பாருங்கள். மென்பொருள் அதைவிடப் பழசு என்று தெரிந்தால், அதற்கு முன்னால் வேறு ஒரு இடத்தில் வரலாறு இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பின்னால் பார்க்கலாம்.

பிளேம்: ஆரம்பம் மட்டும்தான்

கிட் பிளேம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கமிட் எண், ஆள், தேதி மூன்றையும் காட்டும். பெயர்தான் மோசமே தவிர, இது யாரையும் குற்றம் சொல்கிற கருவி இல்லை. அது சொல்வது "இந்த வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார்" என்று மட்டுமே. கடைசியாகத் தொட்டவரும் எழுதியவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம்.

என் வரிக்கு பிளேம் காட்டியது 2019 கமிட் ஒன்றை. செய்தி: "ஃபார்மேட்". யாரோ கோடு முழுவதையும் ஃபார்மேட்டரில் போட்டு டேப்பையெல்லாம் ஸ்பேஸாக மாற்றியிருக்கிறார்கள். சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்தவர் பெயரைத்தான் பார்த்தேன், கட்டியவர் பெயரை இல்லை.

இந்தப் பெயின்ட்டைச் சுரண்ட நாலு வழி இருக்கிறது:

-டபிள்யூ (சின்ன எழுத்து) போட்டால் இடைவெளி மாற்றத்தைக் கண்டுகொள்ளாது. இதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன், பிளேம் என்றாலே கூடவே இதுவும்.

-எம் (பெரிய எழுத்து) போட்டால் அதே கோப்புக்குள் இடம் மாறிய வரிகளின் பழைய ஊரைத் தேடும். -சி (இதுவும் பெரிய எழுத்து) போட்டால் அதே கமிட்டில் மாறிய மற்றக் கோப்புகளிலிருந்து வந்ததா என்றும் பார்க்கும். மூன்று முறை போட்டால் எந்தக் கமிட்டிலும் எந்தக் கோப்பிலிருந்தும் வந்ததா என்று அலசும். பெரிய ரெப்போவாக (கோடும் வரலாறும் சேர்ந்த களஞ்சியம்) இருந்தால் தட்டிவிட்டுக் கீழே போய் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வரலாம்.

ஃபார்மேட் கமிட்டுகள் அடிக்கடி குறுக்கே வந்தால், அவற்றின் முழு 40 எழுத்து எண்களையும் ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி --இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல் என்று கொடுங்கள். கிட் 2.23-இல், 2019-இல் வந்த வசதி இது. கான்ஃபிக்கில் ஒருமுறை வைத்துவிட்டால் போதும். கிட்ஹப் தளமும் அந்தக் கோப்பு வழக்கமான பெயரில் இருந்தால் அதை மதிக்கிறது.

நாலாவது, கையால் பின்னோக்கி நடப்பது: பிளேம் காட்டிய கமிட் எண்ணை எடுத்து, கடைசியில் ஒரு கூரைக்குறி போட்டு, அதாவது அதற்கு முந்தைய நிலையில், மறுபடி பிளேம் போடுவது. அதுவும் பெயின்ட் என்றால் இன்னொரு படி பின்னால். சலிப்பான வேலைதான், ஆனால் மற்ற மூன்றும் கைவிட்ட இடத்தில் இது என்னைக் கைவிட்டதில்லை.

-டபிள்யூ போட்டதும் 2019 விலகி 2014 வந்தது. செய்தி: "முதல் கமிட்". அப்போதுதான் பழைய இடத்திலிருந்து கிட்டுக்கு மாறியிருக்கிறார்கள். வேர் இன்னும் கீழே.

பிளேம் காட்டாததை பிக்ஆக்ஸ் காட்டும்

பிளேமுக்குத் தெரிந்தது இப்போது உயிரோடு இருக்கிற வரிகள் மட்டும். அழிந்துபோன வரி, ஒருமுறை அழிந்து திரும்பி வந்த வரி, இவற்றையெல்லாம் அது சொல்லாது. பல சமயம் காரணம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிக்ஆக்ஸ் என்பது கிட் லாக்கின் ஒரு தேடல்: கிட் லாக் -எஸ் "2.6" என்று (பெரிய எஸ்) தட்டினால், அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை கூடிய அல்லது குறைந்த கமிட்டுகளை மட்டும் காட்டும். --ரிவர்ஸ் சேர்த்தால் மூத்தது முதலில் வரும், --ஆல் சேர்த்தால் யாரும் சேர்க்காமல் விட்ட கிளைகளிலும் தேடும், -பி சேர்த்தால் மாற்றத்தையும் கூடவே காட்டும். அதே -ஜி (பெரிய எழுத்து) என்றால், மாறிய வரிகளில் அந்தச் சொல் எங்கே இருந்தாலும் காட்டும், எண்ணிக்கை மாற வேண்டியதில்லை. "இது முதலில் எப்போது உள்ளே வந்தது" என்பதற்கு எஸ், "இதைச் சுற்றி என்னென்ன நடந்தது" என்பதற்கு ஜி. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு வருஷம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

குறிப்பிட்ட வரிகளின் கதையை மட்டும் கேட்க -எல் (பெரிய எழுத்து) இருக்கிறது: 120,135 என்று வரி எண்களையும், ஒரு முக்காற்புள்ளியும், கோப்பின் பெயரையும் கொடுத்தால், அந்தப் பதினாறு வரியும் காலம்காலமாக எப்படி மாறியது என்று ஒவ்வொன்றாக விரித்துவிடும். வரி எண்ணுக்குப் பதில் ஃபங்ஷன் பெயரையும் கொடுக்கலாம். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

கோப்பின் பெயர் மாறியிருந்தால் கிட் லாக் அந்த இடத்தில் கதையை நிறுத்திவிடும். --ஃபாலோ போட வேண்டும். கிட் பெயர் மாற்றத்தைத் தனியாகப் பதிவு செய்வதில்லை. பழைய கோப்பும் புதுக் கோப்பும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்த்து ஊகிக்கிறது. ஆகவே ஒரே கமிட்டில் பெயரையும் மாற்றி உள்ளடக்கத்தையும் புரட்டிப் போட்டிருந்தால் ஊகம் தவறிவிடும். தோட்டப்புறத்து ஆட்களுக்கு இது புதுசில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, (மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான்) தோட்டம் கை மாறும், பெயர் மாறும், பீல்டு எண் மாறும். மரம் மட்டும் அதே இடத்தில் நிற்கும். இந்தப் பீல்டு எண் விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வரும்.

செய்தியில் தேடுவது: மூன்று மொழியிலும்

கிட் லாக் --கிரெப் கமிட் செய்திகளுக்குள் தேடும். நம் ஊர்ச் சிக்கல் என்னவென்றால், ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுவார், ஒருவர் மலாயில், இன்னொருவர் தமிழை ஆங்கில எழுத்தில். வாளி என்று தேட வேண்டுமானால் பக்கெட், பெயில், மலாயில் பால்டி, ஆங்கில எழுத்தில் வாளி, எல்லாவற்றையும் தேட வேண்டும். -ஐ (சின்ன எழுத்து) போட்டால் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது.

கிட்டுக்கு முன்னால்

லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியது 2005 ஏப்ரலில். லினக்ஸ் கெர்னலின் கிட் வரலாறே 2.6.12-இன் இரண்டாம் முன்னோட்டத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வரலாற்றைப் பின்னால் வேறு ஆட்கள் தனி ரெப்போக்களாகச் சேர்த்துவைத்தார்கள். கெர்னலுக்கே அப்படி என்றால் எங்கள் செக்ரோலுக்கு என்ன. பழசெல்லாம் சப்வெர்ஷனில் (கிட்டைப் போலவே மாற்றங்களைப் பதிகிற பழைய மென்பொருள்) இருந்தது. ஒழுங்காக மாற்றியிருந்தால் ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் கிட்-எஸ்விஎன்-ஐடி என்று ஒரு வரியும் பழைய திருத்த எண்ணும் இருக்கும். எங்களுடையதில் அது இல்லை, யாரோ கடைசி நிலையை மட்டும் நகல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் சப்வெர்ஷன் களஞ்சியம் அப்படியே இருந்தது. கிட் எஸ்விஎன் குளோன் போட்டு அதைத் தனி ரெப்போவாக்கினேன். அரை நாள் ஆனது. அலமாரியைப் பாருங்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

அங்கே -எஸ் "2.6" போட்டதும் ஒரே ஒரு கமிட் வந்து நின்றது. 2011. செய்தி, ஆங்கில எழுத்தில்: "வாளி. ஐயா சொன்னது."

கமிட்டைச் சுற்றிப் படிப்பது

பல பேர் செய்தியைப் படித்துவிட்டு, அதில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுவார்கள். கிட் ஷோ போட்டு முழு மாற்றத்தையும் பாருங்கள். அந்த வரியோடு சேர்ந்து வேறு என்ன மாறியது? டெஸ்ட் ஏதாவது சேர்ந்ததா? டெஸ்டின் பெயரில் காரணம் இருக்கும், செய்தியில் இல்லாவிட்டாலும். அதே வாரத்தில் அதே ஆள் செய்த மற்றக் கமிட்டுகளைப் பாருங்கள். --மெர்ஜஸ் போட்டு அதை உள்ளே சேர்த்த மெர்ஜ் (கிளைகளை இணைக்கிற) கமிட்டைப் பிடித்தால், அதில் டிக்கெட் எண்ணோ விவாதமோ இருக்கலாம். ஸ்குவாஷ் செய்து சேர்த்திருந்தால் இருபது கமிட் ஒன்றாக நசுங்கியிருக்கும். அப்போது புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிற) பக்கம்தான் கதி.

தேதியில் ஒரு பொறி உண்டு. எழுதிய தேதி வேறு, சேர்த்த தேதி வேறு. ரீபேஸ் (பழைய கமிட்டுகளை வேறு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது) செய்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கு இருக்கும். --பிரெட்டி=ஃபுல்லர் போட்டால் இரண்டையும் காட்டும்.

தேதி சரியாகக் கிடைத்துவிட்டால் பக்கத்தில் நாட்டுக் காலண்டரை வையுங்கள். சம்பளம், வரி சம்பந்தப்பட்ட கோடில் பாதிக் காரணம் அங்கேதான். 2015 ஏப்ரல் 1-ஐ ஒட்டி 6 சதவீதம் உள்ளே வந்தால் அது ஜிஎஸ்டி. 2018 ஜூன் 1-ஐ ஒட்டி அது பூஜ்யமானால் ஜிஎஸ்டியைப் பூஜ்யமாக்கிய நாள், செப்டம்பர் 1 என்றால் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி). பிடித்தம் 11-லிருந்து 7 ஆகி, 9 ஆகி, 2022 ஜூலையில் திரும்ப 11 ஆனால் அது கோவிட் கால ஈபிஎஃப் சலுகை. 1,500 என்ற எண் 2022 மே மாதத்தில் வந்தால் குறைந்தபட்சச் சம்பளம், 1,700 என்றால் 2025 பிப்ரவரி. கடைசித் தொகையை ஐந்து சென்னுக்கு ரவுண்டு செய்கிற வரி 2008-ஐ ஒட்டி இருந்தால், ஒரு சென் நாணயத்தை விட்டொழித்த கதை. இதற்கெல்லாம் யாரையும் கேட்கவே வேண்டாம்.

எந்த வரி என்றே தெரியாமல், "முன்னே சரியாக இருந்தது, இப்போது இல்லை" என்று மட்டும் தெரிந்தால் கிட் பைசெக்ட். சரியாக இருந்த ஒரு கமிட், கெட்டுப்போன ஒரு கமிட் இரண்டையும் சொன்னால் நடுவில் பாதியாக வெட்டிக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்து முறை சோதித்தால் போதும். என் கேஸுக்கு இது தேவைப்படவில்லை.

அதே அனுமானத்தில் வாழும் மற்றக் கோப்புகள்

என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியிலும் இந்த இடத்தைத்தான் தவறவிடக் கூடாது. உங்கள் வரி எதை நம்பி நிற்கிறது? என்னுடையது "7" என்ற எண்ணை நம்பி நின்றது. அந்த எண் எங்கிருந்து வருகிறது? பீல்டு பட்டியல் என்று ஒரு கோப்பு. கிட் லாக் -பி போட்டு அந்தக் கோப்பின் வரலாற்றைத் தனியாகப் படித்தேன். 2016-இல் ஏழாம் நம்பர் நீக்கம். 2018-இல் எண்களெல்லாம் திருத்தம், ஒன்பதாம் நம்பராக இருந்த ரப்பர் பீல்டு இனி ஏழாம் நம்பர்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதாவது 2011-இல் 2.6 கிலோ எந்தப் பீல்டுக்காக எழுதப்பட்டதோ அது இப்போது இல்லை. அதே எண்ணில் வேறு ஒரு பீல்டு, வேறு ஆட்கள்.

ஆளைக் கேட்பது

கோடு இதற்கு மேல் பேசாது. 2011-இல் எழுதிய பையன் சிங்கப்பூர் போய்விட்டான், வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு "அண்ணே, சத்தியமா ஞாபகம் இல்ல, பெரிய கிராணி ஐயாவக் கேளுங்க" என்றான். ஐயா ஓய்வு பெற்று, தோட்டத்துக்கு வெளியே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மகன் வீட்டில் இருக்கிறார்.

கேட்கப் போகும்போது ஒரு விஷயம்: "ஏன் இப்படி எழுதினீங்க" என்று கேட்காதீர்கள். யாராக இருந்தாலும் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். தேதியையும் எண்ணையும் சொல்லி, அந்தச் சமயம் தோட்டத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். நானும் அப்படித்தான்: "ஐயா, 2011-ல ஏழாம் நம்பர்ல வாளி ஏதும் மாத்துனாங்களா?"

"மாத்துனாங்களா இல்ல தம்பி. மாத்தல." மற்றப் பீல்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் வாளி வந்துவிட்டதாம். ஏழாம் நம்பர் மேட்டுக்காடு, பிளாஸ்டிக் வாளி கல்லில் அடிபட்டு உடைந்தது, அங்கே மரம் சீவுகிறவர்கள் பழைய தகர வாளியையே வைத்துக்கொண்டார்கள். மூடியோடு சேர்த்து எடை அதிகம், அதனால் கழிவும் அதிகம். 2016-இல் அந்த மேட்டைச் செம்பனைக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு ஐயா எழுந்து பின்பக்கம் போய், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாளியைக் கொண்டுவந்தார். மூடி எங்கோ கிடந்தது, தேடி எடுத்து மூடினார். கொக்கித் தராசில் மாட்டினோம். இரண்டு கிலோ அறுநூறு கிராம்.

2018-லிருந்து இன்றைய ஏழாம் நம்பரில் பிளாஸ்டிக் வாளி தூக்குகிறவர்களிடம், வாளிக்கு 1.4 கிலோ பால் அதிகமாகக் கழிந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு வாளி என்று வைத்தாலே 2.8 கிலோ. பாலில் உலர் ரப்பர் முப்பது நாற்பது சதவீதம் இருக்கும். ஆளுக்குத் தினமும் கிட்டத்தட்ட ஒரு கிலோ உலர் ரப்பர் போயிருக்கிறது. தோட்டத்தில் யாரும் திருடவில்லை, ஒரு எண் இடம் மாறியது, அவ்வளவுதான்.

எழுதிவைப்பது

வரியை எடுத்தேன். கமிட் செய்தி இப்படி:

"ஏழாம் பீல்டின் 2.6 கிலோ வாளிக் கழிவை நீக்குகிறேன். 2011-இல் மேட்டுப் பீல்டின் தகர வாளிக்காகச் சேர்த்தது (சப்வெர்ஷன் களஞ்சியத்தில் உள்ளது, இப்போது பழைய வரலாறு என்ற தனி ரெப்போவில்). அந்தப் பீல்டு 2016-இல் செம்பனைக்கு மாறியது, எண் 2018-இல் வேறு பீல்டுக்குப் போனது. ஓய்வு பெற்ற பெரிய கிராணியிடம் உறுதி செய்து, வாளியை நிறுத்தும் பார்த்தது. 2018 முதல் கூடுதல் கழிவு நடந்துள்ளது, பட்டியல் தனியாக. தேட: வாளி, பால்டி, பக்கெட், பெயில்."

பீல்டு எண்ணை வைத்து முடிவெடுக்கிற வேறு வரி இருக்கிறதா என்று அன்றைக்கே தேடினேன், இன்னும் இரண்டு இருந்தது. பட்டியலை அச்செடுத்துத் தோட்டத்து ஆபீஸில் கொடுத்தேன், பெயர் பெயராக, மாதம் மாதமாக. இப்போதைய கிராணி முதல் பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.